கொத்தமல்லிக் கட்டிலிருந்து டிஸ்க் தட்டு வரை: சந்தைக் காய்கறியில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சோதிக்கும் முறை

சந்தையில் வாங்கிய கொத்தமல்லியைக் கழுவாமல் கலக்கி அகார் தட்டில் பரப்பினால் பாக்டீரியா வளரும். எந்தக் கடையில் வாங்கினாலும் வளரும். ஒரு கிராம் கீரையில் பத்து லட்சம் பாக்டீரியா இருப்பது செடிக்கு இயல்புதான். அவற்றில் பெரும்பாலானவை இலைமேலேயே வாழ்ந்து மடிபவை. நம்மை ஒன்றும் செய்யாதவை. அதனால் "காய்கறியில் பாக்டீரியா இருந்தது" என்று எழுதினால் அதில் புதிதாக எதுவும் இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: மனிதர் அல்லது கால்நடையின் குடலிலிருந்து வந்த பாக்டீரியா இந்த இலையில் இருக்கிறதா? இருந்தால், அது எந்தெந்த மருந்துக்கு உண்மையிலேயே கட்டுப்படவில்லை?

கல்லூரியில் நுண்ணுயிரியல் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்காகவும் அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களுக்காகவும் இது எழுதப்படுகிறது. ஆட்டோகிளேவ், இன்குபேட்டர், லேமினார் ஃப்ளோ, ஃப்ரிட்ஜ் உள்ள ஆய்வகம் வேண்டும். வீட்டிலோ பள்ளி வகுப்பறையிலோ இதைச் செய்யாதீர்கள். இலையில் சில நூறாக இருந்தது தட்டில் கோடிக்கணக்காகப் பெருகிவிடும்.

இந்த வேலைக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பதற்கு 2011-இல் ஜெர்மனியில் நடந்ததே போதும். முளைகட்டிய வெந்தயத்தின் வழியாக, குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் ஓ104:எச்4 என்ற வகை பரவி, ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள். 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செஃபோடாக்சைம் போன்ற மூன்றாம் தலைமுறை மருந்துகளை உடைக்கும் ஈ.எஸ்.பி.எல். நொதியும் அந்த பாக்டீரியாவிடம் இருந்தது.

நம் சந்தைக் காய்க்குக் குடல் பாக்டீரியா வந்து சேரும் வழிகள் தெரிந்தவையே. மக்காத கோழி எரு, சாக்கடை கலந்த வாய்க்கால் தண்ணீர், அறுவடைக்குப் பிறகு முள்ளங்கியையும் கேரட்டையும் அலசும் குட்டை, கடைசியாகக் கடையில் கீரை வாடாமலிருக்கத் தெளிக்கும் வாளித் தண்ணீர். இவற்றோடு, ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த ஸ்ட்ரெப்டோசைக்ளின் பொடி பயிரின் பாக்டீரியா நோய்களுக்கு வயலிலேயே தெளிக்கப்பட்டு வந்திருக்கிறது. உங்கள் மருந்துப் பட்டியலில் டெட்ராசைக்ளின் கட்டாயம் இருக்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

எதை, எத்தனை வாங்குவது

பச்சையாகத் தின்பதை எடுங்கள்: கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, கேரட், தக்காளி. வேகவைத்தால் ஈ.கோலை செத்துவிடும் என்பதால் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் இரண்டாம் பட்சம்தான். பத்து வகைக் காயில் இரண்டிரண்டு மாதிரி எடுப்பது பலரும் செய்யும் தவறு. அதை வைத்து எந்த ஒப்பீடும் செய்ய முடியாது. இரண்டு வகைக் காய், இரண்டு வகை விற்பனை இடம், ஒவ்வொன்றிலும் குறைந்தது 15 மாதிரி என்று வைத்துக்கொண்டால் சொல்ல ஏதாவது கிடைக்கும். விளைவித்தவரே கொண்டுவந்து விற்கும் உழவர் சந்தையையும், மொத்தச் சந்தையில் வாங்கித் தள்ளுவண்டியில் விற்பவரையும் ஒப்பிடுவது நல்ல கேள்வி. இரண்டுக்கும் நடுவே கைமாறும் தடவையும் தெளிக்கும் தண்ணீரும் வேறுபடுகின்றன.

வாடிக்கையாளர் வாங்குவது போலவே வாங்குங்கள். உறையைக் கைமேல் கவிழ்த்து மாட்டி, அதனாலேயே கட்டைப் பிடித்து, உறையைத் திருப்பி மூடிவிடலாம், கை படாது. ஒரு கட்டுக்கு ஓர் உறை. உறைமேல் அங்கேயே எழுதுங்கள்: நேரம், தரையில் சாக்கு விரித்திருந்ததா, மேசையா, தண்ணீர் தெளித்திருந்ததா, வேரோடு இருந்ததா. பிறகு நினைவிலிருந்து எழுதினால் எல்லாக் கடையும் ஒரே கடை ஆகிவிடும்.

தெளிக்கும் தண்ணீரையும் 100 மி.லி. கேட்டு வாங்குங்கள். அந்தத் தண்ணீரில் குளோரின் இருக்கக்கூடும். வழியிலேயே அது பாக்டீரியாவைக் கொன்றுவிடாமலிருக்க, ஸ்டெரிலைஸ் செய்வதற்கு முன்பே பாட்டிலில் 3% சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் 0.1 மி.லி. விட்டிருக்க வேண்டும்.

ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். ஆனால் ஐஸ் கட்டி இலையைத் தொடக்கூடாது, நடுவே மடித்த தாள் வையுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள். ஏப்ரல், மே வெயிலில் பேருந்தில் மூன்று மணி நேரம் திறந்த பையில் வந்த மாதிரியைச் சோதித்தால், கிடைக்கும் எண்ணிக்கை உங்கள் பயணத்தைத்தான் சொல்லும்.

கலக்குதல், நீர்த்தல், எண்ணுதல்

கொத்தமல்லியில் எந்தப் பகுதி என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். கட்டின் அடியில் வாழைநார் சுற்றிய இடத்தில் வேரும் மண்ணும் ஒட்டியிருக்கும். ஒரு மாதிரியில் வேரைச் சேர்த்து, அடுத்ததில் விட்டால் எண்ணிக்கை எங்கோ தாவும். சமையலில் சேர்வது இலையும் தண்டும் என்பதால் வேருக்கு இரண்டு விரல் மேலே ஸ்டெரைல் கத்தரியால் வெட்டி, அதற்கு மேலுள்ளதை மட்டும் எடுப்பது சரி.

25 கிராம் எடைபோட்டு, 225 மி.லி. பஃபர்டு பெப்டோன் வாட்டர் என்ற ஊட்டநீரில் இடுங்கள். ஸ்டொமக்கர் (மாதிரியைப் பையோடு பிசையும் கருவி) இருந்தால் ஒரு நிமிடம். இல்லாவிட்டால் தடித்த ஸ்டெரைல் பையில் போட்டு வெளியிலிருந்து இரண்டு நிமிடம் கசக்கிப் பிசையுங்கள். மிக்சியில் அரைக்க வேண்டாம்: ஜார் சூடாகும், இலைச்சாறும் வெளியேறும், இரண்டும் பாக்டீரியாவைப் பாதிக்கும்.

இந்தக் கலவையே 10⁻¹. அதிலிருந்து 1 மி.லி. எடுத்து 9 மி.லி. நீர்க்கும் திரவத்தில் விட்டால் 10⁻². இப்படியே 10⁻⁶ வரை போங்கள். ஒவ்வொரு படிக்கும் புது பிப்பெட் டிப். ஒவ்வொன்றிலிருந்தும் 0.1 மி.லி. எடுத்துப் பரப்பி, 25 முதல் 250 வரை காலனி உள்ள தட்டை மட்டும் எண்ணுங்கள்.

கணக்கில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 10⁻⁴ தட்டில் 86 காலனி என்றால், பரப்பியது 0.1 மி.லி. என்பதால் 86 ÷ 0.1 × 10⁴, அதாவது கிராமுக்கு 8.6 × 10⁶. அந்த 0.1-ஐ மறந்தால் முடிவு பத்து மடங்கு குறைந்துவிடும். இன்னொன்றும் இதே கணக்கிலிருந்து வருகிறது: 10⁻¹ தட்டில் ஒரே ஒரு காலனி வந்தாலே அது கிராமுக்கு 100. எனவே தட்டில் எதுவும் வராவிட்டால் "பூஜ்யம்" என்று எழுதாதீர்கள், "100-க்கும் குறைவு" என்று எழுதுங்கள்.

எண்ணிக்கைக்கு எட்டாத அளவில் ஈ.கோலை இருக்கலாம். எண்ணுவதற்கு வேண்டியதைப் பரப்பி முடித்ததும், மீதமுள்ள பெப்டோன் கலவையை அப்படியே 37° செல்சியஸில் 18 முதல் 24 மணி நேரம் வையுங்கள். இது செறிவூட்டல். இதிலிருந்து வருவது "25 கிராமில் இருந்தது, இல்லை" என்ற பதில் மட்டுமே. இதிலிருந்து எண்ணிக்கை சொல்லக்கூடாது.

ஈ.கோலை என்று உறுதி செய்தல்

செறிவூட்டிய கலவையிலிருந்து ஒரு லூப் எடுத்து, ஈ.கோலையை நிறத்தால் காட்டிக்கொடுக்கும் ஈ.எம்.பி. அகாரில் கோடிழுங்கள். 24 மணி நேரம் கழித்து, தட்டைக் கையில் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நேராகப் பார்த்தால் கருமையாகத் தெரியும் காலனி, சாய்த்ததும் பொன்வண்டின் முதுகு போலப் பச்சையாக மின்னும். அதுதான் தேடுவது. பக்கத்தில் பெரிதாக, இளஞ்சிவப்பாக, லூப்பால் தொட்டால் நூலாக இழுபடும் காலனிகள் பெரும்பாலும் கிளெப்சியெல்லா.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குடிநீர்ச் சோதனையில் கோலிஃபார்ம் (ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டெரோபாக்டர் போன்றவை அடங்கிய கூட்டம்) என்றாலே கழிவு கலந்ததற்கான எச்சரிக்கை. காய்கறியில் அப்படி இல்லை. கிளெப்சியெல்லாவும் என்டெரோபாக்டரும் மண்ணிலும் இலையிலும் இயல்பாகவே வாழ்பவை. "கோலிஃபார்ம் இருந்தது, ஆகவே மலக்கலப்பு" என்று கீரை விற்பவர்மேல் பழி போடும் அறிக்கை தவறான அறிக்கை. மலக்கலப்புக்கு ஈ.கோலைதான் சாட்சி.

மின்னுகிற எல்லாமும் ஈ.கோலை அல்ல, சில சிட்ரோபாக்டரும் என்டெரோபாக்டரும் லேசாக மின்னும். ஒரு காலனியை எடுத்து நியூட்ரியன்ட் அகாரில் மறுபடி தனிமைப்படுத்தி, கிராம் சாயம், ஆக்சிடேஸ் (எதிர்மறை), பிறகு இம்விக் என்ற நான்கு சோதனைகளைச் செய்யுங்கள். இன்டோலில் சிவப்பு வளையம், மெத்தில் ரெட் சிவப்பு, வி.பி. எதிர்மறை, சிட்ரேட் பச்சையாகவே இருக்கும்: ++−−. கிளெப்சியெல்லா நிமோனியே இதற்கு நேர்மாறாக −−++. சிட்ரேட்டில் அதிகமாகத் தேய்த்தால் கூடவே வந்த ஊட்டத்தில் வளர்ந்து போலி நீலம் காட்டும். ஊசியால் மெல்லத் தொட்டாலே போதும்.

ஒரே மாதிரியிலிருந்து ஐந்து காலனி எடுத்து ஐந்து தனி ஸ்ட்ரெய்னாகக் கணக்குக் காட்டாதீர்கள். ஐந்தும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். மாதிரிக்கு ஒன்று போதும்.

மருந்து எதிர்ப்புச் சோதனை: தட்டும் கலங்கலும்

பாயர், கிர்பி, ஷெரிஸ், டர்க் நால்வரும் 1966-இல் வெளியிட்ட டிஸ்க் முறை பார்க்க எளிது. முல்லர்-ஹின்டன் அகாரில் பாக்டீரியாவைப் பூசி, மருந்து ஊறிய டிஸ்க் வைத்து, சுற்றிலும் வளராத வட்டத்தை அளக்கிறோம். ஆனால் அந்த வட்டத்தின் அளவு மருந்தை மட்டும் பொறுத்ததல்ல. அகாரின் கனம், அமிலத்தன்மை, பூசிய பாக்டீரியாவின் அடர்த்தி, டிஸ்க்கின் வயது எல்லாமே அதை மாற்றும். கைத்தவறால் சுருங்கிய வட்டம் "எதிர்ப்பு" என்று அறிக்கையில் ஏறிவிடுவது இப்படித்தான்.

அகாரின் கனம் 4 மி.மீ. 90 மி.மீ. தட்டுக்கு 25 மி.லி. அளந்து ஊற்றுங்கள், கண்ணளவில் ஊற்றினால் 15 முதல் 35 வரை மாறும். கனம் கூடினால் வட்டம் சிறுக்கும், குறைந்தால் பெருக்கும். தட்டுகளைச் சமதளத்தில் வைத்து உறையவிடுங்கள். சாய்ந்த மேசையில் உறைந்த தட்டில் வட்டம் முட்டை வடிவமாகும். அமில-கார அளவு (pH) 7.2 முதல் 7.4. அது குறைந்தால் ஜென்டாமைசின் வட்டம் சுருங்கி, டெட்ராசைக்ளின் வட்டம் விரியும்.

அடர்த்திக்கு 0.5 மெக்ஃபார்லண்ட் அளவுகோல் வேண்டும். 1% கந்தக அமிலம் 9.95 மி.லி.யில் 1.175% பேரியம் குளோரைடு 0.05 மி.லி. விட்டால் வரும் கலங்கல்தான் அது. இறுக்கி மூடி இருட்டில் வையுங்கள், பயன்படுத்துமுன் நன்றாகக் குலுக்குங்கள். அடியில் படிந்ததைக் குலுக்காமல் ஒப்பிட்டால் பாக்டீரியா மிகக் குறைவாகப் போய்விடும். 18 முதல் 24 மணி நேர வளர்ப்பிலிருந்து காலனிகளை உப்புநீரில் கரைத்து, கறுப்புக் கோடு போட்ட வெள்ளை அட்டையைப் பின்னால் பிடித்து இரண்டு குழாய்களிலும் கோடு ஒரே அளவு மங்குகிறதா என்று பாருங்கள். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 625 நானோமீட்டரில் 0.08 முதல் 0.13.

கலங்கல் தயாரான 15 நிமிடத்துக்குள் பூசுங்கள். ஸ்வாபை நனைத்து, குழாயின் உள்சுவரில் அழுத்திச் சுழற்றி உபரி நீரைப் பிழிந்துவிடுங்கள். தட்டு முழுக்க நெருக்கமாகத் தேய்த்து, 60 டிகிரி திருப்பி மறுபடி, இன்னொரு முறை திருப்பி மறுபடி, கடைசியில் விளிம்பைச் சுற்றி ஒரு முறை. மூன்று முதல் ஐந்து நிமிடம் உலரவிட்டு டிஸ்க் வையுங்கள். 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டிஸ்க் குப்பியை உடனே திறக்காதீர்கள். அறை வெப்பநிலைக்கு வர ஒரு மணி நேரமாவது கொடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த டிஸ்க்கில் வியர்த்து இறங்கி மருந்தைச் சிதைக்கும். ஆம்பிசிலினும் மெரோபெனமும் முதலில் கெடும். டிஸ்க்குகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 24 மி.மீ. இடைவெளி வேண்டும். 90 மி.மீ. தட்டில் நான்குக்கு மேல் திணிக்காதீர்கள், வட்டங்கள் ஒன்றோடொன்று முட்டும். வைத்த டிஸ்க்கை நகர்த்தவும் கூடாது. மருந்து தொட்ட நொடியிலேயே ஊறத் தொடங்கிவிடுகிறது. தட்டைக் கவிழ்த்து 35° செல்சியஸில் 16 முதல் 18 மணி நேரம் வைக்க வேண்டும்.

ஈ.கோலைக்கு உகந்த பட்டியல் இது: ஆம்பிசிலின் 10, டெட்ராசைக்ளின் 30, கோ-ட்ரைமாக்சசோல் 25, ஜென்டாமைசின் 10, சிப்ரோஃப்ளாக்சசின் 5, செஃபோடாக்சைம் 30, செஃப்டாசிடைம் 30, மெரோபெனம் 10 மைக்ரோகிராம். இரண்டு தட்டில் அடங்கிவிடும்.

வான்கோமைசின், பெனிசிலின் ஜி, எரித்ரோமைசின் டிஸ்க்குகளை ஈ.கோலைக்கு வைக்காதீர்கள். ஈ.கோலை போன்ற கிராம் எதிர்மறை பாக்டீரியாவின் வெளிச்சவ்வு இவற்றை இயல்பிலேயே தடுக்கிறது. மருந்துப் பயன்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "வான்கோமைசினுக்கு 100% எதிர்ப்பு" என்ற வரி பல ப்ராஜெக்ட்டுகளில் பெரிய எழுத்தில் வருகிறது, படிப்பவரை வீணாகப் பயமுறுத்துகிறது. கிளெப்சியெல்லாவுக்கு ஆம்பிசிலினும் அப்படியே. கோலிஸ்டினை டிஸ்க்கில் சோதிக்கவே முடியாது. பெரிய மூலக்கூறு என்பதால் அகாரில் சரியாகப் பரவாது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் தருவதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. அதைப் பார்த்து ஆர்வப்பட்டால் பிராத் மைக்ரோடைல்யூஷன் (மருந்தைத் திரவ ஊட்டத்தில் படிப்படியாக நீர்த்துச் சோதிப்பது) செய்யும் ஆய்வகத்தை நாடுங்கள்.

கட்டுப்பாட்டுத் தட்டு

ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும், வட்ட அளவுகள் முன்பே தெரிந்த நிர்ணய ஈ.கோலையான ஏ.டி.சி.சி. 25922-ஐ அதே நாளில், அதே அகாரில், அதே டிஸ்க்குகளோடு வையுங்கள். அதன் வட்டங்கள் ஜென்டாமைசினுக்கு 19–26, டெட்ராசைக்ளினுக்கு 18–25, செஃபோடாக்சைமுக்கு 29–35, செஃப்டாசிடைமுக்கு 25–32, கோ-ட்ரைமாக்சசோலுக்கு 23–29 மி.மீ.க்குள் வர வேண்டும். செஃபோடாக்சைம் 25 காட்டினால் டிஸ்க் செத்துவிட்டது என்று பொருள். அன்றைய செஃபோடாக்சைம் முடிவுகள் அனைத்தையும் தள்ளிவிட்டுப் புதுக் குப்பியோடு திரும்பச் செய்ய வேண்டும். எல்லா மருந்துக்கும் வட்டம் சுருங்கியிருந்தால் கலங்கல் அடர்ந்துவிட்டது, அல்லது அகார் தடித்துவிட்டது. எல்லாமே விரிந்திருந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் தேடுங்கள். இந்தத் தட்டு இல்லாத எதிர்ப்புச் சதவீதத்தை நம்ப எந்தக் காரணமும் இல்லை. மாணவருக்கு நேரமில்லை என்று எதை விட்டாலும் இதை விட வேண்டாம்.

அளப்பது தட்டின் பின்பக்கத்திலிருந்து, கறுப்புத் துணிமேல் வைத்து, ஸ்கேலால், டிஸ்க்கையும் சேர்த்து விட்டத்தை. கோ-ட்ரைமாக்சசோல் வட்டத்துக்குள் மெல்லிய படலம் இருக்கலாம். அதை விட்டுவிட்டு அடர்ந்த வளர்ச்சியின் விளிம்பை அளங்கள். வட்டத்துக்குள் தனித்தனிக் காலனிகள் இருந்தால் அவற்றை விடாதீர்கள். கலப்படமாக இருக்கலாம், எதிர்ப்புள்ள சில செல்களாகவும் இருக்கலாம். எடுத்துத் தனிமைப்படுத்தி மறுபடி சோதியுங்கள்.

எத்தனை மி.மீ. வட்டம் வந்தால் எதிர்ப்பு என்று சொல்வது சி.எல்.எஸ்.ஐ. அட்டவணை. எந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்தீர்கள் என்று எழுதுவது அலங்காரத்துக்கு அல்ல. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 18 மி.மீ. வட்டம் வந்தால், 2018 வரையிலான அட்டவணையில் அது இடைநிலை (16–20). 2019-இலிருந்து அதே 18 எதிர்ப்பு (21-உம் அதற்குக் கீழும்). தட்டில் எதுவும் மாறவில்லை, எல்லைக்கோடுதான் மாறியது. பழைய அட்டவணையை நகலெடுத்துக்கொண்டு, புதிய ஆய்வோடு சதவீதத்தை ஒப்பிட்டால் இல்லாத உயர்வோ தாழ்வோ தெரியும். மி.மீ. அளவுகளை அப்படியே பின்னிணைப்பில் கொடுங்கள். நாளை எல்லை மாறினாலும் உங்கள் உழைப்பு பயன்படும்.

செஃபோடாக்சைமுக்கு எதிர்ப்பு வந்தால்

செஃபோடாக்சைம் டிஸ்க்கையும், ஈ.எஸ்.பி.எல். நொதியை முடக்கும் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த செஃபோடாக்சைம் டிஸ்க்கையும் ஒரே தட்டில் வையுங்கள். செஃப்டாசிடைமுக்கும் அதே மாதிரி ஒரு ஜோடி. ஏதாவது ஒரு ஜோடியில் கிளாவுலானிக் சேர்ந்ததன் வட்டம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் ஈ.எஸ்.பி.எல். உறுதி. நேர்மறைக் கட்டுப்பாடு கிளெப்சியெல்லா நிமோனியே ஏ.டி.சி.சி. 700603.

எதிர்ப்பு பாக்டீரியா சிறுபான்மையாக ஒளிந்திருப்பதைப் பிடிக்க, லிட்டருக்கு 1 மி.கி. செஃபோடாக்சைம் கலந்த மெக்கான்கி அகாரையும் (குடல் பாக்டீரியாவை வளர்க்கும் அகார்) பயன்படுத்தலாம். அகார் 50 டிகிரிக்கு ஆறிய பிறகே மருந்தைச் சேருங்கள். கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தால் மருந்து அழிந்து எல்லாமே வளரும். இந்தத் தட்டில் கிடைத்தவற்றை மற்றவற்றோடு சேர்த்துச் சதவீதம் போடாதீர்கள். எதிர்ப்புள்ளதையே பொறுக்கியெடுக்கும் தட்டு அது; "90% எதிர்ப்பு" வருவதில் வியப்பில்லை. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். "30 கட்டுகளில் எத்தனை கட்டில் ஈ.எஸ்.பி.எல். ஈ.கோலை இருந்தது" என்பதே மக்களுக்குப் பயன்படும் எண்.

பலமருந்து எதிர்ப்புக் குறியீட்டுக்கு, எதிர்த்த மருந்துகளின் எண்ணிக்கையைச் சோதித்த மருந்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 0.2-ஐத் தாண்டினால் ஆன்டிபயாடிக் அதிகம் புழங்கும் இடத்திலிருந்து வந்தது என்று கொள்வது 1983-இல் க்ரம்பர்மேன் முன்வைத்த வழக்கம். இயல்பிலேயே செல்லாத மருந்துகளைப் பட்டியலில் சேர்த்தால் இந்தக் குறியீடு தானாக ஊதிவிடும்.

கழுவுவதால் குறைகிறதா

இதைச் சேர்த்துச் செய்தால் ப்ராஜெக்ட் சமையலறைக்கும் பயன்படும். ஒரே கட்டை மூன்றாகப் பிரித்து, ஒன்றைக் கழுவாமல், ஒன்றைக் குழாய்த் தண்ணீரில் மூன்று முறை அலசி, இன்னொன்றை 50 பி.பி.எம். குளோரின் நீரில் இரண்டு நிமிடம் வைத்து நல்ல தண்ணீரில் அலசி எண்ணுங்கள். 5% ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டருக்கு 1 மி.லி. சேர்த்தால் 50 பி.பி.எம். குப்பி பழையதென்றால் செறிவு குறைந்திருக்கும். குளோரின் பட்டையால் சரிபாருங்கள். மூன்றாவது மாதிரிக்கான பெப்டோன் நீரில் 0.1% சோடியம் தயோசல்ஃபேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இலையில் ஒட்டிய குளோரின் பெப்டோன் நீருக்குள்ளும் பாக்டீரியாவைக் கொன்றுகொண்டே இருந்து, கழுவியதன் பலனைப் பெரிதாகக் காட்டும்.

குளோரின் பெரும்பாலும் பத்தில் ஒன்றாகவோ நூறில் ஒன்றாகவோ குறைக்கும், முழுக்க நீக்காது. இலைத்துளைக்குள்ளும் வெட்டுவாயிலும் நுழைந்தவற்றைத் தண்ணீர் தொடுவதில்லை. மண் ஒட்டிய கட்டை நேராகக் குளோரினில் முக்கினால் மண்ணே குளோரினைத் தின்றுவிடும். முதலில் மண்ணை அலசுங்கள். எதிர்ப்புள்ள பாக்டீரியாவுக்கென்று தனிக் கழுவல் கிடையாது. குளோரினும் கொதிநீரும் எதிர்ப்புள்ளதையும் இல்லாததையும் ஒன்றுபோலவே கொல்லும்.

வேலை முடிந்த பிறகு

தட்டு, ஸ்வாப், செறிவூட்டிய பை, மிஞ்சிய கொத்தமல்லி எல்லாம் 121° செல்சியஸில் 30 நிமிடம் ஆட்டோகிளேவுக்குப் போன பிறகே குப்பைக்கு. பயன்படுத்திய டிப்களை 1% ஹைப்போகுளோரைட்டில் மூழ்கவிடுங்கள். கரைசலை தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். மிஞ்சிய காய்கறியை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவோ மாட்டுக்குப் போடவோ கூடாது.

அறிக்கையில் கடைக்காரரின் பெயரோ கடை எண்ணோ வேண்டாம். ஆனால் தெளிக்கும் தண்ணீரில் ஈ.கோலை வந்திருந்தால் அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்: வாளியைத் தினமும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துக் காயவைப்பது, குடிக்கும் தண்ணீரையே தெளிப்பது, கட்டுகளை வாளிக்குள் முக்காமல் மேலே தெளிப்பது. இரண்டு வாரம் கழித்து அதே கடையில் மறுபடி 100 மி.லி. தண்ணீரும் ஒரு கட்டும் வாங்கி வந்து பாருங்கள்.